பதினோராவது பாட்டு

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு நான் ஓர் இசை விமர்சகன். ஏழே முக்காலுக்கு வீடு திரும்பியதும், பால் பாக்கெட் வாங்கச் சொன்னதை மறந்துவிட்டு வந்த ஆள். இரண்டு பதவிகளையும் பல வருடங்களாக ஒருசேர வகித்து வருகிறேன். முதல் பதவிக்குச் சம்பளம் கிடையாது. இரண்டாவதில் பிடித்தம் மட்டும் உண்டு.

எங்கள் பெஞ்சில் நாலு பேர். ஒருவர் ஆடிட்டர். ஒருவர் தபால் தந்தி இலாகாவில் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் அடையாறிலிருந்து காரில் வந்து, வண்டியை நிறுத்த லஸ் முழுக்க இடம் தேடி, பூங்காவுக்குள் மூன்று சுற்று நடந்துவிட்டு மறுபடி காரிலேயே திரும்பிப் போகிறவர். நாலாவது நான். நாலு பேருக்கும் சர்க்கரை. நாலு பேருக்கும் இளையராஜா. எதற்கும் நிரந்தரத் தீர்வு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. எண்பத்தோரு வயது மனிதர் எழுதியதை ராயல் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசிக்க, மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். அன்றிலிருந்து பெஞ்சில் வேறு பேச்சில்லை. எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய ராஜா, டவுன்லோடு செய்து கேட்காதீர்கள், நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை அது என்று சொல்லிவிட்டார். தலைவர் பேச்சை நாங்கள் தட்டியதில்லை. அதனால் கேட்கவில்லை, பேச மட்டும் செய்தோம். கேட்காத இசையைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம், குறுக்கே இசை வராது.

அடையாறுக்காரரின் பையன் லண்டனில் இருக்கிறான். ஹாமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கத்துக்கே போய்க் கேட்டவன். மறுநாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். நாலு வழுக்கைத் தலைகள் ஒரு போன் மீது கவிழ்ந்தன.

“அப்பா, சூப்பரா இருந்துச்சுப்பா. செம குளிர்.”

அவ்வளவுதான். அந்த ஐந்து விநாடியை வைத்து நாங்கள் ஏப்ரல் பாதிவரை ஓட்டினோம். ‘சூப்பர்’ என்கிற இடத்தில் பையனின் குரலில் ஒரு தயக்கம் தெரிகிறது என்றார் ஆடிட்டர். அது குளிர் என்றார் தகப்பனார்.

ஆடிட்டருக்கு இசையைவிடக் கணக்கில் ருசி. ஒரு முழு சிம்பொனியை ராஜா ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் எழுதி முடித்தார் என்பதில்தான் அவர் உருகுவார். “எங்க அபார்ட்மென்ட்ல மொட்டை மாடிக்குத் தட்டோடு ஒட்டவே எட்டு மாசம் ஆச்சு சார்.” தபால் தந்திக்காரருக்கு வேறு குறை. 1993லேயே ராஜா லண்டன் போய், இதே ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது இன்றுவரை வெளிவரவில்லை. முப்பத்திரண்டு வருடமாகப் பட்டுவாடா ஆகாத தபால் என்று அந்த மனிதர் அதைத் தன் இலாகாவின் களங்கமாகவே பாவிக்கிறார். வெளிவராத அந்த சிம்பொனியின் இரண்டாம் பகுதி சற்றே நீளம் என்றும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு.

ஒரு காலை முழுவதும் கைதட்டல் பிரச்சினையில் போயிற்று. சிம்பொனி பகுதி பகுதியாக வரும். ஒரு பகுதி முடிந்ததும் தட்டக்கூடாது, எல்லாம் முடிந்த பிறகே தட்ட வேண்டும் என்பது மேற்கத்திய மரபு. மார்கழி சபாக்களில் நிரவல் நடக்கும்போதே ‘ஆஹா’ போட்டு, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு நடந்து பழகியவர்கள் நாங்கள். “தட்டவும் கூடாது, எழுந்து போகவும் கூடாதுன்னா அப்புறம் எப்படி சார் ரசிக்கிறது?” என்றார் அடையாறுக்காரர். நியாயமான கேள்வி. பதில் தெரியாததால் கீரை வாங்கக் கிளம்பினோம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. அது என் அறிவால் வந்ததல்ல. ஒரு கேசட்டால் வந்தது.

1986இல் எனக்கு இருபத்துநாலு வயது. தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்பக்கம் ஓர் அறையில் மூன்று பேர், இரண்டு பாய், ஒரு டேப் ரெக்கார்டர். ‘மௌன ராகம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டும் வந்த வருடம். அதே வருடத்தில் ராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். படம் இல்லை, பாடகர் இல்லை, வரி இல்லை, ரேவதி இல்லை. வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக் ஜெர்மனியில் 1750இல் காலமானார். தியாகராஜர் பிறந்ததே 1767இல். பதினேழு வருட இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்ட இரண்டு பேரைப் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் கோடம்பாக்கத்துக் கலைஞர்களை வைத்து அறிமுகம் செய்துவைத்தார். அப்போது எங்கள் மூவருக்கும் புரிந்தது ஒன்றுதான்: எந்த இடத்தில் விசில் அடிப்பது என்று தெரியவில்லை.

அசல் கேசட் வாங்கக் கையில் காசில்லை. அந்த நாளில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்றுக் கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். சி-60 கேசட் ஒன்று கொடுத்தேன். (பிற்காலத்தில் ராஜா காப்புரிமைக்காகக் கோர்ட் படி ஏறியதெல்லாம் என் மாதிரி ரசிகர்களின் கைங்கரியம்தான். பெஞ்சில் இதை நான் சொல்வதில்லை.)

கடைப் பையன் உள்ளட்டையில் சிவப்புப் பேனாவால் பெயர்களை எழுதித் தந்தான். ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்பதை ‘ஃபியூஸ்’ என்று எழுதியிருந்தான். அதனால் ஆறேழு வருடம் நானும் அதை ஃபியூஸ் என்றே சொல்லிவந்தேன். மனம் பேதலித்து ஃபியூஸ் போகும் நிலையை ராஜா இசையாக்கியிருப்பதாக அலுவலகத்தில் ஒருவருக்கு மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க விளக்கியும் இருக்கிறேன். அவர் எலெக்ட்ரிகல் செக்‌ஷன். பொறுமையாகத் தலையாட்டினார்.

அட்டையில் பத்துப் பெயர்கள். கேசட்டில் பதினொரு பாட்டுகள்.

பி பக்கத்தில் ‘டூ எனிதிங்’ முடிந்து ஒரு சிறு மௌனம். அதன்பின் கம்பி தெறித்தாற்போல் ஹார்ப்சிகார்ட், மேலே நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஓபோ, பிறகு அலை அலையாக வயலின்கள். ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அட்டையில் அதற்குப் பெயரே இல்லை. ஒரு நள்ளிரவில், பனகல் பூங்காப் பக்கத்துக் கொசுக்களுக்கு நடுவே, எனக்குப் பொறி தட்டியது. ஆல்பத்தின் பெயரே ‘இதற்கு எப்படிப் பெயர் வைப்பது’ என்றுதானே! பத்துக்கும் பெயர் வைத்த மனிதர் பதினோராவதை மட்டும் பெயரில்லாமல் விட்டிருக்கிறார். அந்தக் கேள்வியே இந்தப் பாட்டைப் பற்றியதுதான். ஹார்ப்சிகார்ட் யார்? பாக் காலத்து வாத்தியம். ஆக, பாக் வந்துவிட்டுப் போகும் காலடி ஓசை!

மற்ற இருவரையும் எழுப்பிச் சொன்னேன். ஒருவன் அழுதேவிட்டான். அவனுக்கு மறுநாள் பரீட்சை.

அந்தக் கண்டுபிடிப்பை வைத்துத்தான் முப்பத்தொன்பது வருடம் காலம் தள்ளினேன். கல்யாண வீடுகளில், வங்கி வரிசையில், ரயிலில் எதிர் பெர்த்காரரிடம் சொல்லாத இடமில்லை. நடுநடுவே கற்றுக்கொண்டதும் உண்டு. அந்த ஆல்பத்தில் வாசித்த வி.எஸ். நரசிம்மனின் வயலினைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகினேன். பாக் ஒற்றை வயலினுக்கு எழுதிய ஒரு பிரெலூடை எடுத்து, அதனூடே நம்மூர் வயலினை நடக்கவிட்டிருக்கிறார் ராஜா. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று அதற்குப் பெயர். வீடு தேடி பாக் வந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். என் வீடு தேடி இதுவரை வந்த பெரிய மனிதர் பிளம்பர். அவரும் மூன்று தடவை போன் போட்ட பிறகு.

அட்டையில் இருந்த பெயர்ப் பட்டியலைக் கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி படித்துப் பாருங்கள், ஒரு குடும்பஸ்தனின் டைரி மாதிரியே இருக்கும். ‘இட் இஸ் ஃபிக்ஸ்டு’, நிச்சயம் ஆகிவிட்டது. ‘யூ கேனாட் பி ஃப்ரீ’, விளக்கம் வேண்டாம். ‘டோன்ட் கம்பேர்’, பக்கத்து வீட்டுக்காரரின் இன்கிரிமென்ட் தெரியவரும் நாளில் நான் சொல்வது. ‘டூ எனிதிங்’, சமையலுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டால் நான் சொல்வது, சொன்னபிறகு வருத்தப்படுவது.

ராஜா மேற்கத்திய இசை கற்றது லஸ் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம். நான் குடியிருப்பது மந்தைவெளி. கறிகாய் வாங்குவது லஸ். எனவே கவுன்டர்பாயின்ட் எனக்குக் காற்றிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆரம்பத்தில் அது மின்கட்டணம் கட்டும் இடம் சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன். பிறகு விளங்கிற்று: இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில், அதனதன் போக்கில் போக வேண்டும், ஆனால் முட்டிக்கொள்ளக் கூடாது. என் அம்மாவும் மனைவியும் ஒரே சமையலறையில் ஒரே நேரத்தில் பேசியதைப் பதினோரு வருடம் கேட்டவனுக்கு இது கஷ்டமான பாடம் இல்லை. ஃபியூக் அடுத்த வகுப்பு. ஒரு குரல் ஒரு விஷயத்தை எடுக்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே விஷயத்தை வேறு சுருதியில் எடுக்கும். முதல் குரல் சும்மா இருக்காமல் அடுத்ததற்குப் போகும். ‘தண்ணி லாரி வரலை’ என்று மனைவி கூடத்தில் எடுப்பாள். ‘லாரி வரலையாமே’ என்று அம்மா உச்சஸ்தாயியில் பிடிப்பாள். அதற்குள் மனைவி ‘போன் பண்ணாத்தானே வரும்’ என்று நகர்ந்திருப்பாள். பெண் ‘குளிக்கணும்பா’ என்று மூன்றாவதாக நுழைவாள். நாலாவது குரலாக நான் நுழைய வேண்டிய இடத்தில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். இசையில் மௌனத்துக்கும் இடமுண்டு.

மனைவி ஒரே ஒரு தடவைதான் என் பதினோராவது பாட்டுக் கொள்கையைத் தொட்டுப் பார்த்தாள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ டிவியில் ஓடியது. அர்ச்சனா ஒரு சின்ன வீடு கட்டப் படுகிற பாடு, தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர், கடைசியில் அந்த மனையே குடிநீர் வாரியத்துடையது என்று தெரியவரும் இடி. படத்துக்குப் பின்னணி இசையே ‘ஹவ் டு நேம் இட்’தான். அப்போது நாங்களும் ஹவுசிங் லோனுக்கு அலைந்துகொண்டிருந்தோம். நான் இசைக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பெண் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாளாம்.

படம் முடிந்ததும் மனைவி கேட்டாள்: “என்னங்க, படம் பூரா உங்க கேசட்தான் ஓடுது. ஆனா அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் ஒரு எடத்துலயும் வரலையே?”

“பாலு மகேந்திராவுக்கு அதோட ஆழம் பிடிபடலை” என்றேன்.

இதைச் சொன்ன வாய்தான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது.

2005 ஜூனில் ‘திருவாசகம்’ வந்தது, புடாபெஸ்ட் இசைக்குழுவோடு. திருவாசகத்துக்கு உருகாதவர் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, நாம் உருகாமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று உறவினர் முன்னிலையில் சோபாவில் கண்மூடி உருகினேன். மூன்றாவது பாட்டில் குறட்டை கேட்டதாக மச்சினர் இன்றும் சொல்கிறார். அதை வேறு ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வினை போன மே மாதம் வந்தது. பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தான். ஐ.டி. வேலை, இந்திரா நகர் ஜாகை. எங்கள் சிம்பொனிச் சர்ச்சையைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

“அங்கிள், வேலியன்ட்ட விடுங்க. ‘ஹவ் டு நேம் இட்’ல ஒரு ரகசியம் இருக்கு, உங்களுக்குத் தெரியுமா? அதுல பதினோராவதா ஒரு ட்ராக் உண்டு. முதல்ல வந்த கேசட்ல மட்டும் இருந்துச்சாம். அப்புறம் அவரே எடுத்துட்டாராம். அதுக்குப் பேரே கிடையாது!”

“யார் சொன்னாங்க?” என்றேன், அடக்கமாக.

“என் மாமனார். அவருக்கு ரயில்ல ஒரு பெரிய ரசிகர் சொன்னாராம்.”

பெஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தேன். “அந்த ரசிகரே இவர்தான்பா” என்று ஆடிட்டர் போட்டு உடைத்தார். தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கேசட்டை டிஜிட்டலாக மாற்றிவிடுவதென்றும், இது தமிழர் சொத்து என்றும் முடிவாயிற்று.

சனிக்கிழமை ராத்திரி பரண் ஏறினேன். கேசட் ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. டேப் ரெக்கார்டர் பால்கனியில் துளசித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. துடைத்து, கேசட்டின் பல்லில் பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றி இறுக்கி, பி பக்கத்தைப் போட்டேன். பூனாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெண் சோபாவில் போனோடு படுத்திருந்தாள்.

ஹார்ப்சிகார்ட் தெறித்தது. ஓபோ எழுந்தது. எனக்குக் கண் கலங்கியது.

பெண் போனை நீட்டிப் பிடித்தாள். அந்தப் போனில் எந்தப் பாட்டைக் காட்டினாலும் பெயர் சொல்கிற ஷஸாம் என்று ஒன்று இருக்கிறதாம். முப்பத்தொன்பது வருடமாகப் பெயரில்லாமல் இருந்த பாட்டுக்கு நாலு விநாடியில் பெயர் வந்தது.

“‘லவ் இஸ் ப்ளூ’ப்பா. பால் மோரியா.”

“தப்பு. போனுக்கு என்ன தெரியும்?”

அவள் அதை அழுத்தினாள். அதே பாட்டு. என் கேசட்டில் வரும் இரைச்சல் மட்டும் இல்லாமல், குளித்துவிட்டு வந்தாற்போல் சுத்தமாக. பிறகு ஈவிரக்கமின்றிப் படிக்க ஆரம்பித்தாள். ஆந்த்ரே பாப் என்கிற பிரெஞ்சுக்காரர் மெட்டமைத்தது. 1967 யூரோவிஷன் போட்டியில் லக்ஸம்பர்க் சார்பில் விக்கி லியாண்ட்ராஸ் பாடி நாலாவது இடம் வந்தது. மறுவருடம் பால் மோரியாவின் இசைக்குழு வாசித்த வடிவம் அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. நான் அப்போது ஆறு வயதுப் பையன். பி பக்கம் பத்தாவது பாட்டோடு முடிந்ததும், மிச்ச நாடா வீணாகப் போகிறதே என்று அந்தக் கடைப் பையன் கைக்குக் கிடைத்த இங்கிலீஷ் மியூசிக் ஒன்றை இலவசமாகப் போட்டுத் தந்திருக்கிறான். நல்ல மனசு. பண்ணைப்புரத்துக்கும் பாக்கின் லைப்சிக்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று நான் தேடியது லக்ஸம்பர்க்கில் இருந்திருக்கிறது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. “பாலு மகேந்திராகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தம்பி வந்தான். கையில் ஒயர்களும் சின்னப் பெட்டியும். கூடவே மாமனார். நான் ரயிலில் பார்த்த முகம்தான், தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு நீங்க சொன்னதுக்கப்புறம்தான் சார் நான் மியூசிக் கேட்கவே ஆரம்பிச்சேன்.” உண்மையைச் சொல்லும் உத்தேசத்தில்தான் வாயைத் திறந்தேன்.

“டேப் சிக்கிக்கிச்சு தம்பி. கடைசிப் பக்கம் பூரா அறுந்து போச்சு.”

கூடத்தில் ஒரு துக்கம் விழுந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி காபி டபராக்களை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எந்த ராகத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பெண் சிரிப்பை அடக்க பால்கனிக்கு ஓடி, துளசிக்கு இரண்டாம் முறையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

திங்கட்கிழமை பெஞ்சில் என் மதிப்பு இன்னும் கூடிப்போயிருந்தது. முன்பு பதினோராவது பாட்டு வைத்திருந்தவன். இப்போது அதைப் பறிகொடுத்தவன். 1993 சிம்பொனியும் இதுவும் ஒரே விதி என்றார் தபால் தந்திக்காரர். ஆடிட்டர் ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டிக்கலாம் என்றார். அனுஷ்டித்தோம். நாற்பது விநாடியில் அடையாறுக்காரரின் போன் அடித்தது.

செப்டம்பரில் நேரு உள்விளையாட்டரங்கில் அரசு ராஜாவுக்கு எடுத்த பொன்விழாவுக்கு எங்களில் யாருக்கும் பாஸ் கிடைக்கவில்லை. அதனால் அதைப் பற்றியும் விரிவாகப் பேச முடிகிறது.

போன வாரம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த ஒரு ராத்திரி, போனிலேயே அந்த ஆல்பத்தைப் போட்டேன். முதலிலிருந்து கடைசிவரை, யாருக்கும் விளக்காமல். விளக்க ஆளில்லாததாலோ என்னவோ, நரசிம்மனின் வயலின் சில இடங்களில் நான் இதுவரை கவனிக்காத திருப்பங்களில் எல்லாம் போய் வந்தது. மனைவி சமையலறையில் மறுநாளைக்குக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது முடிந்தது. போன் திரை அணைந்தது. கத்திச் சத்தமும் நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

“என்னங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, “அவ்வளவுதானா? இன்னும் ஒண்ணு வரணுமே?”